கொடிவேலி வேர் வளர்ப்பில் பிளம்பஜின் அளவைக் கூட்ட மெதில் ஜாஸ்மோனேட் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

இறுதியாண்டு ஆய்வு, கையில் ஒரு மாதம்தான் மிச்சம். உங்கள் நிலைமை அதுதானே? நானும் அங்கேதான் இருந்தேன்.

பிளம்பஜின் என்பது கொடிவேலி வேரில் இருக்கும் மருந்துப் பொருள். மெதில் ஜாஸ்மோனேட், அதை வேர் கூடுதலாகத் தயாரிக்கத் தூண்டுவது. அவசரப் பதில் இது: 50 முதல் 200 மைக்ரோமோலர் வரை மூன்று நான்கு அளவுகளில் போட்டுப் பாருங்கள். வேர் நன்றாகப் பெருகி, வளர்ச்சி அடங்கப் போகிற சமயம் சேருங்கள். முதல் வாரமே சேர்த்தால் வேர் முடங்கிவிடும். ஜாஸ்மோனேட் தண்ணீரில் சரியாகக் கரையாது, எதனோலில் கரைத்து 0.22 மைக்ரோன் வடிகட்டியில் வடித்துச் சேருங்கள். ஜாஸ்மோனேட் போடாத பிளாஸ்க்கிலும் அதே அளவு எதனோல் விட வேண்டும்.

சரி, இப்போது என் கதை. 2022இல் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடம். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியா மூலம் உண்டாக்கிய ரோம வேர்கள் (மயிர்போல் கிளைத்து வேகமாக வளரும் வேர்கள்), ஹார்மோன் எதுவுமில்லாமல் அரைப்பங்கு எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) சத்து ஊடகத்திலும் 3 சதவீதச் சீனியிலும் நன்றாக வளர்ந்தன. 100 மைக்ரோமோலர் போட்டேன். மூன்றாம் நாள் ஊடகம் தண்ணியான பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டது. வேர் சாகிறது என்று பயந்து, வேரை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினேன். அங்கே சலவைச் சோடாத் தண்ணீர் கிடந்தது. "தங்கச்சி, தண்ணி ஏன் இப்படிச் செவக்குது?" என்றார் கழுவிக்கொண்டிருந்த அண்ணன். காரம் பட்டால் பிளம்பஜின் செவ்வூதாவாகும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும், சிங்க்கில் தெரியவில்லை. வேர் தயாரித்த சரக்கில் ஒரு பங்கை நான்தான் குழாயில் அனுப்பியிருக்கிறேன்.

அதோடு விட்டேனா? எடுத்த வேரையும் ஈரத்தோடு 70 பாகைச் சூட்டில் உலர்த்தும் அடுப்பில் காயவைத்தேன். பிளம்பஜின் நீராவியோடு கிளம்பிப் போகும் பொருள். கடைசியில் ஜாஸ்மோனேட் போட்ட வேரில், போடாததைவிடக் குறைவு!

அடுத்த முறை ஊடகத்தை ஹெக்சேன் என்ற கரைப்பானில் குலுக்கி, பிளம்பஜினைப் பிரித்தெடுத்துத் தனியாக அளந்தேன், வேரை உறைநிலையில் உலர்த்தினேன். கணக்கு நேரானது. மூன்று பிளாஸ்க்கில் பார்த்ததை வைத்து இவ்வளவு பேசுகிறாளே என்று கெமிஸ்ட்ரிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், மூன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். பிளாஸ்க்குகளைக் குலுக்கும் ஷேக்கர் நின்று, காற்றில்லாமல் மற்றதெல்லாம் கறுத்துப்போனது.

சிங்க் விஷயம் பரவியதும் ஒருவர், "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு பத்தாது" என்றார். பொறுப்பா? எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி கிடையாது. தபாலெல்லாம் தோட்ட ஆபீஸுக்கு வரும், யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. இந்த வேலைக்கான நேர்முகக் கடிதம் அங்கே பத்து நாள் கிடந்தது. அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போனபோது தற்செயலாகக் கண்டு கேட்டு வாங்கி வந்தார். மறுநாள் நேர்முகம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

அப்புறம், ஒரு கிராம் வேரில் எவ்வளவு என்று மட்டும் எழுதாதீர்கள். செறிவு இரட்டிப்பாகி வேரின் எடை பாதியானால் மொத்தம் அதேதான். ஒரு பிளாஸ்க்குக்கு எவ்வளவு என்றும் போடுங்கள். கையுறை இல்லாமல் சாற்றைத் தொடாதீர்கள், தோல் கொப்பளிக்கும்.