முடக்குவாத விடுப்புக்குப் பின் முதல் நாளே முழுநேர வேலையா?

மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதத்தால் ஏழு மாதம் விடுப்பில் இருந்துவிட்டு, இங்கிலாந்தில் அலுவலக வேலைக்குத் திரும்பும்போது முதல் நாளே முழுநேரம் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை.

மருத்துவர் தரும் ‘ஃபிட் நோட்’ சான்றில் ‘வேலைக்குத் தகுதி இருக்கலாம்’ என்ற கட்டம் உண்டு. அதன்கீழ் படிப்படியாகத் திரும்புவதையும் நேர மாற்றத்தையும் அவர் பரிந்துரைக்கலாம். 2022 ஜூலை முதல் பிசியோதெரபிஸ்டும் இதைத் தரலாம். இது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, ஆலோசனைதான். ஆனால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கட்டுப்படுத்தும். அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் நோய் 12 மாதம் நீடிக்கக்கூடியது என்றால், நியாயமான மாற்றங்களைச் செய்வது முதலாளியின் கடமை.

அட்டவணை போடும்போது பலர் ‘காலையில் நான்கு மணி நேரம்’ என்று கேட்கிறார்கள். எனக்கு இது புரிவதில்லை. விரல்கள் மடங்க மறுக்கும் நேரமே காலைதான்! பதினொரு மணிக்குத் தொடங்கக் கேளுங்கள். நாள்களையும் அடுத்தடுத்து வைக்காமல் திங்கள், புதன், வெள்ளி என்று பிரியுங்கள். சிலருக்குக் களைப்பு மறுநாள்தான் தெரியும். வலி கூடினால் ஒரு படி இறங்கி வேலை நேரத்தைக் குறைக்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சம்பளம்? ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் பொதுவாக உழைத்த நேரத்துக்கு மட்டுமே. ஆனால் நோய் விடுப்பிலும் ஆண்டு விடுமுறை சேர்ந்துகொண்டே இருக்கும். நிறுவனம் ஒப்புக்கொண்டால் வேலை இல்லாத நாள்களில் அதை எடுத்து வருமானத்தைச் சமாளிக்கலாம். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற நாற்காலிக்கோ டாக்ஸிச் செலவுக்கோ ‘அக்சஸ் டு வொர்க்’ அரசு உதவிக்கும் விண்ணப்பியுங்கள்.