‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டிருந்தால் அவ்வளவுதானா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ஓர் ஆப்பில் ‘அசல் பட்டு’ என்று போட்டிருந்த புடவையை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். வந்ததைத் தொட்டாலே பாலியஸ்டர் என்று தெரிகிறது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், ‘இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை’ என்கிறார்கள். வாங்கும்போதே அப்படிப் போட்டிருந்தது உண்மைதான். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– அல்சூர் வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம். ‘ரிட்டர்ன் இல்லை’ என்ற வரி, வாங்கிய பிறகு உங்கள் மனம் மாறினால் செல்லும். சொன்னது ஒன்று, அனுப்பியது இன்னொன்று என்றால் செல்லாது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லை என்றாலோ விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. சொன்ன தேதி தாண்டி வந்த பொருளுக்கும் இதே விதிதான்; வெள்ளம் மாதிரி விற்பவர் கையில் இல்லாத காரணம் என்றால் மட்டும் விலக்கு.

ஆப்பில் காரணம் கேட்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ‘பிடிக்கவில்லை’ அல்லது ‘இனி தேவையில்லை’ என்பதைத் தட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு தட்டலில், உங்கள் உரிமையாக இருந்தது அவர்கள் பார்த்துச் செய்கிற சலுகையாகிவிடும். ‘விவரிப்புக்கு மாறாக வந்துள்ளது’ என்ற பொருள் வரும் காரணத்தைத் தேடிப்பிடித்துத் தட்டுங்கள். அந்தப் பட்டனே வரவில்லையா? சாட்டிலோ மெயிலிலோ அதே வார்த்தைகளில் எழுதுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது.

‘அசல் பட்டு’ என்று போட்டிருக்கும் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கே அது ‘பட்டு போன்ற புடவை’ என்று மாறியிருக்கலாம். நூலைக் கொளுத்தினால் பட்டில் முடி கருகும் வாடை வரும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும் என்பது நம் வீடுகளில் தெரிந்த சோதனைதான். ஆனால் திருப்பி அனுப்பப் போகிற புடவையில் அதைச் செய்து பார்க்காதீர்கள். மத்தியப் பட்டு வாரியம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டிராஃபிக்கில் நிற்பதற்கு மட்டும் நமக்குப் பழக்கமான அதே சில்க் போர்டுதான்! அதன் ஆதரவில் நடக்கும் சில்க் மார்க் அமைப்பில் தூய பட்டுதானா என்று பார்த்துச் சொல்லும் வசதி உண்டு. அந்த முடிவு கையில் இருந்தால் விற்றவரோடு வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை.

கேள்வி: 8 சைஸ் ஷூ வாங்கினேன், காலைக் கடிக்கிறது. ‘எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான், பணம் கிடையாது’ என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?
– பிடிஎம் லேஅவுட், பிஜியில் தங்கியிருக்கும் வாசகர்

பதில்: சரிதான். ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். நம் நாட்டில் ஆன்லைன் கடைகளுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. அளவு சேரவில்லை, கலர் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கடையின் பாலிசிப்படிதான். பெட்டியில் 8 என்று போட்டு உள்ளே 7 இருந்தால் மட்டும் கதை வேறு. அது தவறான பொருள், பணத்தையே கேட்கலாம். ஷூவின் உட்பக்கத்தில் இருக்கும் எண்ணை ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறேன். ஆன்லைனில் 5 லிட்டர் கிரைண்டர் கேட்டேன், 2 லிட்டர் வந்திருக்கிறது. ‘நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது, பெட்டியைப் பிரித்த வீடியோவும் இல்லை’ என்று விற்றவர் சொல்கிறார். ஆர்டர் போட்டது ஓசூரில் இருக்கும் என் மகன்.

பதில்: மூன்று பூட்டு மாதிரி தெரிகிறது. மூன்றும் திறக்கும் அக்கா.

வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மை. அதே பிரிவின் விளக்கத்தையும் அவர் படித்திருக்க வேண்டும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது. நீங்களே மாவாட்டி நீங்களே விற்கிறீர்கள். பத்து ஆள் வைத்து நடத்தும் ஓட்டல் என்றால் அவர் பேச்சுக்கு இடம் உண்டு, உங்களிடம் இல்லை.

மகன் வாங்கியது பிரச்சினையே இல்லை. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான்.

வீடியோ நல்ல சாட்சி, நானும் எடுக்கத்தான் சொல்வேன். ஆனால் வீடியோ இல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்று சட்டத்தில் இல்லை. பில்லில் 5 லிட்டர், கிரைண்டர் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் 2 லிட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள், அது போதும். இவ்வளவு கனமான பொருளை ‘நீங்களே கூரியரில் அனுப்புங்கள்’ என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவர்களே வந்து எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வேறு வழியில்லாமல் அனுப்ப நேர்ந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். அதுவரை கிரைண்டரில் மாவு ஆட்டிவிடாதீர்கள்.

கேள்வி: தவறான பொருளைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். பணத்தை பேங்கில் போடாமல் ஆப் வாலட்டில் போட்டிருக்கிறார்கள். ‘வழக்கு என்றால் குருகிராமில்தான்’ என்று அவர்கள் நிபந்தனையில் இருக்கிறது. ஒரு மாதமாக அலைகிறேன்.
– ஜீவன் பீமா நகர் வாசகர்

பதில்: வாலட் பணம் அந்தக் கடையில் மட்டும்தான் செலவாகும். அது உங்கள் கைக்கு வந்த பணம் ஆகாது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு போட்டது. ரீஃபண்ட் பேங்க் கணக்குக்கா, கூப்பனாகவா என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும் என்றது. அது டாக்சி சேவை சம்பந்தப்பட்டதுதான். இருந்தாலும் உங்கள் மெயிலில் அதைக் குறிப்பிடுங்கள்.

மெயிலை கஸ்டமர் கேருக்கு அனுப்பிப் பயனில்லை. அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கே அனுப்புங்கள்; அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். வழக்கமாகப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்தது என்று அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915-க்கும் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இதில் தமிழிலும் பேசலாம், கன்னடமோ இந்தியோ தடுமாற வேண்டாம். அவர்கள் சமரசம் செய்து வைப்பார்கள், உத்தரவு போட மாட்டார்கள்.

அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். குருகிராம் நிபந்தனையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. எதிர்தரப்பில் விற்பனையாளர், ஆப் நடத்தும் நிறுவனம் இரண்டின் பெயரையும் போடுங்கள். ஒருவரை விட்டுவிட்டால், தவறு அவர் தலையில்தான் என்று மற்றவர் கை காட்டிவிடுவார்.