புதுக்கோட்டை எம்.பி. தொகுதி எங்கே போனது? வாசகர் கேள்வி-பதில்

ராயவரத்திலிருந்து ஒருவர்: எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் புதுக்கோட்டையில், எம்.பி. ஓட்டு மட்டும் சிவகங்கைக்கு. இது என்ன கணக்கு?

திருமயம் சட்டமன்றத் தொகுதி சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது, அதனால்தான். ராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி எல்லாம் காரைக்குடியோடு சேர்ந்து ஓட்டுப் போடுவது செட்டிநாட்டுக்காரனான எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாவட்டத்தின் மீதியைப் பாருங்கள்: ஆலங்குடியும் சிவகங்கையோடு, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு, விராலிமலை கரூரோடு. நாலு எம்.பி. இருந்தும் மாவட்டத்தின் பேரில் ஒரு தொகுதி இல்லை.

அறந்தாங்கி வாசகி: முன்பு இருந்த புதுக்கோட்டை எம்.பி. தொகுதியை ஏன் எடுத்தார்கள்?

2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008-இல் செய்த மறுவரையறையில், அதாவது தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்ததில் போனது. 2004-இல் தி.மு.க.வின் ரகுபதி ஜெயித்ததுதான் அந்தத் தொகுதியின் கடைசித் தேர்தல். அதே மறுவரையறையில் சிவகாசி போய் விருதுநகர் வந்தது, பெரியகுளம் போய் தேனி வந்தது, அதாவது அங்கெல்லாம் மாவட்டத் தலைநகரின் பேர் ஏறியது, இங்கே இருந்த பேரையே அழித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. குளத்தூரை எடுத்துவிட்டுக் கந்தர்வகோட்டை, விராலிமலை என்று இரண்டை உருவாக்கியதால் புதுக்கோட்டை மாவட்டத்திலும் சரியாக ஆறு! மக்கள்தொகை மாநிலச் சராசரியைவிடக் கொஞ்சம் குறைவுதான், சரி, அதற்காக ஒரு தனி சமஸ்தானமாக இருந்து 1948-இல் இந்தியாவோடு இணைந்த மண்ணை நாலாகக் கூறு போடுவதா? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கல்லூரி மாணவர்: கம்யூனிஸ்ட் ஜெயித்த தொகுதியாமே?

ஆமாம், ஆர். உமாநாத், இரண்டு தடவை. 1962-இல் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளராக ஜெயித்தார். 1964-இல் கட்சி உடைந்ததும் மார்க்சிஸ்ட் பக்கம் போய், 1967-இல் தி.மு.க. கூட்டணியில் நின்று மறுபடி ஜெயித்தார். காசர்கோட்டில் பிறந்தவர் அவர், சொந்த ஊர்க்காரர் இல்லை, இருந்தும் ஜனங்கள் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்னால், 1952-இல் நடந்த முதல் தேர்தலிலேயே காங்கிரசை விட்டுவிட்டு கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசுவை அனுப்பிய தொகுதி இது.

கோனாபட்டு ஆச்சி: திரும்ப வருமா தம்பி?

இப்போதைக்கு இல்லை ஆச்சி. 2001-இல் வந்த 84-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வெளிவரும்வரை மாநிலங்களின் எம்.பி. எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. அதை அடுத்து மறுவரையறை என்று வந்தால் எல்லை வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்பார்கள். அப்போது அந்த ஆறு தொகுதிக் கணக்கோடு மனு போடணும், உங்க ஊரிலிருந்தும் போடணும்.