தர்மபுரி ஃபுளோரைடும் போஸ்ட்டாக்கும்

அன்புள்ள ஐயா,

தர்மபுரி மாவட்டக் கிணற்று நீரில் உள்ள, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து, தீசிஸ் சமர்ப்பித்துவிட்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) காத்திருக்கிறேன். ஆறு மாதமாக போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடுகிறேன். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அறுபது பேருக்கு மெயில் போட்டதில் இரண்டே பதில்கள். இரண்டிலும் 'இப்போது பணம் இல்லை'. என் கைடு 'இன்னும் ரெண்டு பேப்பர் போட்டுட்டுப் போங்க' என்கிறார். காலநிலை மாற்றம் என்று சொன்னால்தான் இடம் கிடைக்கும், ஒரு மாவட்டத்துத் தண்ணீரை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். வெளிநாடு போவதா, இங்கேயே தேடுவதா? நான் அனுப்பிய மெயில் ஒன்றையும் தீசிஸ் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

செ., சேலம்

அன்புள்ள செ.,

மெயிலைத்தான் முதலில் படித்தேன். 'தங்கள் ஆய்வுகளால் மிகவும் ஈர்க்கப்பட்டேன்' என்று ஆரம்பித்து பட்டங்கள், மதிப்பெண்கள், கருத்தரங்கச் சான்றிதழ்கள் என்று போகிறது. பேரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இதற்கு இரண்டு பேர் பதில் போட்டதே அதிசயம்.

நண்பர்கள் சொல்வதை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் விஷயம் ஒரு மாவட்டத்து விஷயம் இல்லை. அப்படி ஆக்கி வைத்திருப்பது நீங்கள் எழுதும் விதம். தர்மபுரியில் என்ன நடக்கிறது? பாறையில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் இறங்குகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடை ஓரளவுக்கு மேல் ஏற விடாது. ஆனால் வறண்ட நிலத்தில் அந்தக் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. சோடியமும் பைகார்பனேட்டும் மிஞ்சுகின்றன, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டிவிடுகிறது. பாறை வேறாக இருந்தாலும் எத்தியோப்பியாவிலிருந்து தான்சானியா வரை கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் நடப்பது ஏறக்குறைய இதே வேதியியல்தான். 2022இல் ஸ்விட்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் உலக ஃபுளோரைடு வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். சுமார் 18 கோடிப் பேர் பாதிக்கப்படக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த மாதிரி வரைபடத்தை நம்பலாமா என்று சரிபார்க்க உங்களைப் போல கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்தவர்களின் தரவு வேண்டும்.

உங்கள் தீசிஸ் சுருக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. சில கிணறுகளில் மழைக்குப் பிறகு ஃபுளோரைடு குறையவில்லை, கூடியிருக்கிறது என்கிறீர்கள். மேல்மண்ணில் சேர்ந்த உப்பை மழை கழுவி இறக்குகிறதா, அடியில் வேறு ஏதாவதா? மெயிலில் முதல் பத்தியே அதுவாக இருக்க வேண்டும். 'உங்கள் இன்ன கட்டுரையில் இப்படிச் சொன்னீர்கள். என் கிணறுகளில் இந்தச் சில இடங்களில் மட்டும் அது நடக்கவில்லை. காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இதைச் சோதிக்க உங்கள் ஆய்வகத்தில் உள்ள இன்ன வசதி வேண்டும்.' கீழே ஒரே ஒரு படம். அவ்வளவு போதும். இதை அறுபது பேருக்கு அனுப்ப முடியாது, எட்டுப் பேருக்குத்தான் முடியும். அந்த எட்டுப் பேரின் கட்டுரைகளை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும்.

போஸ்ட்டாக்கில் இரண்டு வகை. ஒன்று, பேராசிரியரிடம் ஏற்கெனவே திட்டமும் பணமும் இருக்கும், ஆள் தேடுவார். கேள்வி அவருடையது, நீங்கள் வேலைக்குச் சேருகிறீர்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடனில் இவை முறையான வேலை அறிவிப்பாகவே வரும், சம்பளமும் காப்பீடும் உண்டு. இன்னொன்று ஃபெலோஷிப், அதாவது உங்கள் பெயரிலேயே கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை. கேள்வி உங்களுடையது, ஆனால் வரிசை நீளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு 2025இல் வந்த விண்ணப்பங்கள் 17,000க்கும் மேல். முந்தைய ஆண்டு 10,000 சொச்சம்தான். 2025இல் அமெரிக்காவில் அறிவியலுக்கான அரசுப் பணம் ஆட்டம் கண்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். செப்டம்பரில் விண்ணப்பித்தால் முடிவு பிப்ரவரியில். அதனால் ஒரு வருடம் முன்னாடியே பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். (அறிவியல் வளர்ச்சிக் கழகம்) தரும் ஃபெலோஷிப்புகள் இரண்டும் நல்லவை, இரண்டுக்கும் உங்களை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் அங்கே வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்.) புவி அறிவியல் போஸ்ட்டாக் ஃபெலோஷிப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான், அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

வெளிநாடா உள்நாடா என்ற கேள்வியை நான் வேறு மாதிரி கேட்பேன். உங்களுக்கு என்ன தெரியாது? மாதிரி எடுக்கத் தெரியும், அயனிகளை அளக்கத் தெரியும். அந்த நீர் எத்தனை வயதானது, எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாது. அதற்கு ஐசோடோப்பு ஆய்வு வேண்டும், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை நீரில் அளப்பது. அதைக் கற்க அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகம் (பி.ஆர்.எல்.) இருக்கிறது, ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனம் இருக்கிறது. பாறைக்குள் நீர் போகும் பாதையைப் பார்க்க ஹைதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் (என்.ஜி.ஆர்.ஐ.). இவற்றில் ஒன்றில் ஒன்றரை இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனால், வெளிநாட்டில் உங்களோடு பேசும் பேராசிரியர் வேறு மாதிரி பேசுவார். மத்திய அரசின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு. தீசிஸ் சமர்ப்பித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால் வைவாவுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. (விதிகள் அடிக்கடி மாறும், அந்தந்த அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.) மேரி கியூரிக்கு அப்படி இல்லை, கடைசித் தேதிக்குள் வைவா முடிந்திருக்க வேண்டும்.

மகளைப் பற்றி எழுதியதை ஏதோ குறைபோல எழுதியிருந்தீர்கள். மேரி கியூரியில் குடும்பப்படி உண்டு. முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கணக்கில் பிள்ளைக்காக விட்ட இடைவெளியைச் சேர்ப்பதில்லை. கேட்க வேண்டியது வேறு: ஒப்பந்தம் எத்தனை மாதம், குழந்தைக் காப்பகத்துக்கு எத்தனை மாதக் காத்திருப்பு, கணவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா. நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் இரண்டு வருடம் வேலை பார்க்க முடியாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கைடு சொன்ன இரண்டு பேப்பர் விஷயத்தில் நான் பாதி ஒத்துப்போகிறேன். மழைக்குப் பின் கூடும் ஃபுளோரைடு பற்றி ஒன்று எழுதுங்கள், நல்ல ஜர்னலுக்கு. இன்னொன்றுக்காக உட்கார வேண்டாம். அப்புறம், மூன்றாவது போஸ்ட்டாக் என்ற ஒன்றுக்கு எந்தக் காலத்திலும் போகாதீர்கள். இரண்டு முடிந்த பிறகும் நிரந்தர வேலை அமையவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை, இடங்கள் குறைவு. நிலத்தடி நீர் தெரிந்தவருக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது.

எட்டுப் பேர் பட்டியலைத் தயார் செய்யுங்கள். முதல் மெயிலை அனுப்பும் முன் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.