பலகையில் இருக்கும் விதி வேலையில் இருக்கிறதா?

மண்டபம் வாசகி: இறால் உரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். பாலியல் புகார் குழு என்று சுவரில் பலகை இருக்கிறது. அதிலுள்ள எவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

பலகை வைப்பதும் சட்டக் கடமைதான், ஆனால் அதோடு கடமை முடிவதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு வேண்டும். தலைமை வகிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். அந்த வெளியாளைப் பற்றி முதலில் விசாரியுங்கள். நான் போன ஒரு கூடத்தில், தன் பெயர் பலகையில் இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது! மனம் கொதித்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் முதலாளி மீதே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவுக்குப் போகலாம்.

பாம்பன் வாசகர்: மீன்பிடித் தடைக்காலத்தை மதிக்கும் நாம் உயிர்காப்பு உடையை ஏன் அணிவதில்லை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களில் ஒரு விசைப்படகு கிளம்பினாலும் கரை முழுக்கத் தெரிந்துவிடும். நடுக்கடலில் உடை அணிந்தீர்களா என்று பார்க்க யாருமில்லை. வலை இழுக்கும்போது கையைத் தடுக்கும் உடையை வாங்கிக் கொடுத்தால் அது உறை பிரிக்காமலேதான் கிடக்கும். வாங்குமுன் படகில் போகிறவர்களை அணிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தொண்டி வாசகர்: ஆடிட்டுக்கு முந்தைய நாள் ஒரு மாதக் குளிர்அறை வெப்பநிலைப் பதிவேட்டை நிரப்பச் சொல்கிறார்கள்.

நிரப்பாதீர்கள். வெளியாரின் நம்பிக்கைக்காக விதியை ஏற்று, அன்றாட வேலையை அதனோடு ஒட்டாமல் நிறுவனங்கள் விட்டுவிடுவதை 1977இலேயே மேயர், ரோவன் என்ற சமூகவியலாளர்கள் எழுதினார்கள். வெற்றுக் கட்டம், இரவில் அளவு பார்க்க ஆளில்லை என்பதைக் காட்டும். கற்பனை எண் அதை மறைத்துவிடும்.

கீழக்கரை வாசகி: மனநலக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கோப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. போதுமா?

போதாது அம்மா. உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தபோதுதான், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. இன்றிரவு உங்கள் காப்பகத்தில் விழித்திருப்பவர் யார், கதவுச் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.