தலைப்பிரசவம், அடைமழை, 12 மைல் பாதை

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 34 வாரம் முடிந்துவிட்டது, ஆகஸ்டில் நாள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கிராமம் பர்மாவின் பெகு டவுனிலிருந்து 12 மைல் உள்ளே இருக்கிறது. "நான் ஆறும் வீட்டில்தான் பெற்றேன், ஊர் மருத்துவச்சி போதும்" என்கிறார் அத்தை. என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: ஆறு பெற்ற அத்தை பக்கத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். அவரையும் கூட்டிக்கொண்டு 38ஆம் வாரத்திலேயே பெகு டவுனில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். பிள்ளை நல்லபடி பிறந்த பிறகும் உதிரப்போக்கு தொடங்கலாம். கவனிக்காவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆகஸ்ட் சேற்றில், ராத்திரியில், வண்டி தேடிப் பிடிக்கவே அவ்வளவு நேரமாகும்.

இந்த வாரமே சயாமாவிடம் (நர்ஸிடம்) இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், இரத்த குரூப் நான்கையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சோகை. 12 உள்ளவர் தாங்கும் இரத்த இழப்பை 7 உள்ளவர் தாங்கமாட்டார். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், டீ சத்தைச் சேரவிடாது. உங்களுக்கு இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சில அறிகுறிகளுக்கு வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம், அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல்: இவை பிரசவ ஜன்னிக்கு (வலிப்புக்கு) முன்னோடி. அதைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி ஆஸ்பத்திரியில்தான் போட முடியும். இரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் உடனே கிளம்புங்கள். உடைந்த நீர் பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இதெல்லாம் இல்லாவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி ஒழுங்காக வரத் தொடங்கியதும் புறப்படலாம்.

பையில் கர்ப்ப அட்டை, பணம், துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணி, சோப்பு, பிரிக்காத புது பிளேடு, நூல், டார்ச். மழைக்கு எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள்.

வழியிலேயே பிறந்துவிட்டால் பிள்ளையைத் துடைத்து உங்கள் மார்பின் மேல் போட்டு மூடச் சொல்லுங்கள். தொப்புள்கொடியை அறுக்க அவசரமில்லை. பிள்ளைக்குப் பின் வெளிவரும் நஞ்சை யாரும் இழுக்கக் கூடாது. அது விழுந்ததும் அத்தை உங்கள் தொப்புளுக்குக் கீழே கைவைத்துப் பார்க்கட்டும். கர்ப்பப்பை தேங்காய் போலக் கெட்டியாக இருந்தால் நல்லது. பிசைந்த மாவு போலக் கொழகொழவென்றிருந்தால் கெட்டியாகும்வரை வட்டமாகத் தேய்க்க வேண்டும். நீங்கள் சிறுநீர் கழித்துவிடுங்கள், பிள்ளைக்குப் பால் கொடுங்கள், இரண்டுமே கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். கால்மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் தொட்டுப் பார்க்க வேண்டும். துணி மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தாலும், அரைமணி ஆகியும் நஞ்சு விழாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: ஆஸ்பத்திரிக்கு வெளியே வலி கூட்டும் ஊசியோ மாத்திரையோ யார் கொடுத்தாலும் வேண்டாம். கர்ப்பப்பை கிழியும் ஆபத்து உண்டு.

பத்தியம் பற்றி அத்தையிடம் இப்போதே பேசிவிடுங்கள். வெள்ளை அரிசிச் சோறும் உப்பும் மட்டும் தின்றால் தாய்ப்பாலில் வைட்டமின் பி1 குறையும். மீன், பருப்பு, முட்டை, கீரை எல்லாம் சாப்பிடலாம். சயாமாவிடம் பி1 மாத்திரையும் கேளுங்கள். இரண்டு மூன்று மாதப் பிள்ளை பால் குடிக்காமல், சத்தம் எழாமல் தொண்டை கம்மி அழுதால் அது பி1 குறைவால் வரும் பெரிபெரியாக இருக்கலாம். அன்றைக்கே பி1 ஊசி போட்டாக வேண்டும்.