ஓநாய் துரத்தாத பனிக்காடு: கேம் கேள்வி–பதில்

கேள்வி: 'தி லாங் டார்க்' கேமை அண்ணன் வாங்கிக்கொடுத்தார். ஆரம்பத்திலேயே பில்கிரிம், வாயேஜர், ஸ்டாக்கர், இன்டர்லோப்பர் என்று கடின நிலைகளின் பட்டியல் நீட்டுகிறது. எதில் தொடங்குவது? பில்கிரிமில் ஆடினால் 'பச்சப்புள்ள மோடு' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: பில்கிரிமிலேயே தொடங்குங்கள் தம்பி. கேலியைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால் அவை நான்கும் தனித்தனி கேம்கள். கதைக்களம் மட்டும் ஒன்று. வடகனடாவில் கிரேட் பேர் என்று ஒரு கற்பனைத் தீவு. காந்தப்புயல் அடித்து மின்சாரம் அடியோடு போய்விட்டது. உயிர்பிழைப்பது மட்டுமே ஆட்டமான சர்வைவல் மோடில் ஜோம்பி கிடையாது, கொள்ளைக்காரன் கிடையாது, பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. குளிர், களைப்பு, தாகம், பசி என்று திரையில் நான்கு அளவுகள். அவை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. செத்தால் சேவ் அழிந்துவிடும், திரும்பவும் முதல் நாள். (பிற்பாடு வந்த அப்டேட்டில் 'சீட் டெத்' என்று ஒரு வழி வைத்தார்கள். உயிர் திரும்பும், ஆனால் நிரந்தரக் குறை ஒன்றை வாங்கிக்கொண்டுதான்.)

பில்கிரிமில் ஓநாய் உங்களைக் கண்டால் ஓடிவிடும். அதனால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குளிர் அங்கேயும் கொல்லும், நிதானமாகக் கொல்லும். அந்த நிதானத்தில்தான் இந்த உலகம் கண்ணில் படும். 2020 ஊரடங்கில் ஒரு மாதம் முழுக்க நான் பில்கிரிம்தான் ஆடினேன். நாலு சுவருக்குள் அடைந்துகிடந்த நாட்கள். தினமும் சாயங்காலம் மிஸ்டரி லேக் பகுதிக்குப் போய், உறைந்த ஏரியைக் குறுக்கே நடந்து கேம்ப் ஆபீஸ் என்கிற மரவீட்டுக்குப் போவேன். காலடியில் பனி நொறுங்குகிற சத்தம். தூரத்தில் ஒரு காகம். அடுப்பை மூட்டி, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சி, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் நீலமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மாதத்தை நான் கடந்துவந்தது அப்படித்தான்.

வாயேஜர், கேமை உருவாக்கியவர்கள் நடுவாக வைத்தது. ஓநாய் தாக்கும், ஆனால் பொருட்கள் போதுமான அளவு கிடைக்கும். பில்கிரிமில் பத்துப் பதினைந்து நாள் ஓட்டிவிட்டால் இதற்கு வாருங்கள்.

ஸ்டாக்கரில் ஓநாய்கள்தான் எஜமானர்கள். அங்கே 61-ஆம் நாள் நான் செத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. மான் ஒன்றை அறுத்து ஆறு கிலோ பச்சை இறைச்சியைப் பையில் போட்டுக்கொண்டு ஏரியைக் கடந்தேன். பச்சை இறைச்சி சுமந்தால் வாசனை அளவு ஏறும். மிருகங்கள் வெகு தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கும். நடுவழியில் பின்னால் ஒரு குரைப்பு. திரும்பினால் தலையைத் தாழ்த்தி ஒரு ஓநாய், அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரு துண்டு இறைச்சியை எறிந்திருந்தால் முதல் ஓநாய் அங்கேயே நின்றிருக்கும். எனக்கோ ஒரு துண்டைக்கூட விட மனமில்லை. கடைசித் தீக்குச்சியைக் கிழித்துப் பந்தம் கொளுத்தினேன், காற்று அணைத்துவிட்டது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று முதல் வாசனை அளவு ஏறியிருக்கும்போது திறந்தவெளியில் கால் வைப்பதே இல்லை.

கேள்வி: 'தி லாங் டார்க்' இன்டர்லோப்பரில் மூன்று நாளைத் தாண்டவே முடியவில்லை. துப்பாக்கி எங்கே கிடைக்கும்?
— ஆட்டோமொபைல் மெக்கானிக், ஓசூர்

பதில்: கிடைக்காது. அந்த மோடில் துப்பாக்கி வைக்கப்படவே இல்லை. தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள், பாதித் தொல்லை விட்டது. கத்தியும் கோடரியும்கூடக் கண்டெடுக்கக் கிடைக்காது. நீங்களே அடித்துச் செய்ய வேண்டும். அதற்குக் கனமான சம்மட்டி ஒன்றும், உலைக்களம் உள்ள இடம் ஒன்றும் தேவை. டெசொலேஷன் பாயின்ட் பகுதியில் கரைதட்டிக் கிடக்கும் கப்பலுக்குள் ஓர் உலை இருக்கிறது. ஃபோர்லார்ன் மஸ்கெக் சதுப்பில், பாழடைந்த பண்ணையில் இன்னொன்று. விறகுச் சூடு உலைக்குப் போதாது, நிலக்கரி போட வேண்டும். பழைய இரும்பைக் காய்ச்சி அம்புமுனை அடிக்கிற வேலை உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில்தான், பிடித்துப்போகும். வில்லுக்கு மேப்பிள் கன்று, அம்புக்கு பிர்ச் கன்று, நாணுக்குக் குடல். எல்லாவற்றையும் வீட்டுக்குள் போட்டு நாள்கணக்கில் காயவைக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் சாவது வில் இல்லாததால் அல்ல. தீக்குச்சி இல்லாததால். எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதும் நம் கையில் இல்லை, உடுப்பும் பேருக்குத்தான். முதல் நாளில் உணவை மறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடுங்கள். பசி மெதுவாகக் கொல்லும், குளிர் சீக்கிரம் கொல்லும். ஒரு தீ மூட்டியதும் அதிலிருந்து பந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு நடங்கள். அது எரிந்து முடிவதற்குள் அடுத்த இடத்தில் தீ மூட்டிவிட்டால் குச்சி மிச்சம். பூதக்கண்ணாடி கிடைத்தால் வெயில் நேரத்தில் குச்சியே வேண்டாம். ஒரே வீட்டில் ஒண்டிக்கொண்டு நாளை ஓட்டலாம் என்று எண்ணாதீர்கள். நாள் ஏற ஏற அந்த உலகமே இன்னும் குளிர்ந்துகொண்டு போகும். பிழைக்க வேண்டியதையெல்லாம் முற்பகுதியிலேயே செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: 'ப்ராஜெக்ட் ஜோம்பாய்ட்' கேமில் வீடு கட்டி, தோட்டம் போட்டு வாழத்தான் ஆசை. ஜோம்பிகள் விடுவதில்லை.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: விதிகளை நீங்களே அமைத்துக்கொள்ளும் சாண்ட்பாக்ஸ் மோடில் போய் ஜோம்பியின் எண்ணிக்கையை 'இல்லை' என்று வையுங்கள். ஆளே இல்லாத கென்டக்கி ஊர் முழுக்க உங்களுடையது. கொஞ்சம் பயமும் வேண்டுமென்றால் பில்டர் மோடு சரியாக இருக்கும்.

கேள்வி: 'ஃபால்அவுட் 4' சர்வைவல் மோடில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியவில்லை. கோளாறா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கோளாறு இல்லை, 2016-இல் அந்த மோடைத் திருத்தி அமைத்தபோது வைத்த விதியே அதுதான். படுக்கையில் தூங்கினால்தான் சேவ் ஆகும். ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது ஒரு சேவ் விழும், அவ்வளவே. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் நொடியில் போய்ச் சேரும் வேகப் பயணமும் இல்லை. அழுக்குப் பாய் ஒன்றைக் கண்டால் இத்தனை சந்தோஷம் வேறு எந்த மோடிலும் வராது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். விரல்களில் முடக்குவாதம். பேரன் ஆடுவதைப் பார்த்து 'தி லாங் டார்க்' மேல் ஆசை வந்துவிட்டது. ஓநாய் பாய்ந்தால் பட்டனை வேகவேகமாக அழுத்தச் சொல்கிறது. என்னால் ஆகாது. இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று மகள் கேட்கிறாள்.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, தாராளமாக ஆடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கஸ்டம் என்று ஒரு மோடு இருக்கிறது. அதைத் திறந்தால் அடுப்படி அலமாரி போல வரிசையாகக் குமிழ்கள். வேட்டை மிருகங்கள் தாக்க வேண்டுமா கூடாதா, பனிப்புயல் எத்தனை முறை வரலாம், வீடுகளில் பொருள் எவ்வளவு கிடைக்கலாம், உடம்பு எத்தனை வேகத்தில் தேறலாம், எல்லாம் உங்கள் இஷ்டம். மிருகங்களைச் சாதுவாக வைத்துவிடுங்கள், பட்டன் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. பகலின் நீளத்தையும் கூட்டலாம். வழக்கமாக அங்கே ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதை நீட்டிவைத்தால் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்ற பதற்றம் இல்லாமல் மெல்ல நடக்கலாம். குளிரையும் பசியையும் மட்டும் முழுக்கக் குறைத்துவிடாதீர்கள். அந்தக் கவலை இருந்தால்தான் அடுப்பு பற்றிக்கொண்டதும் மனசு குளிரும்.

செடிகளை விட்டுவிடாதீர்கள். ரோஜாக்காயில் வலிக்குத் தேநீர், ரெய்ஷி காளானில் தொற்றுக்குத் தேநீர், மரத்தில் தொங்கும் தாடிப்பாசியில் காயத்துக்குக் கட்டு. பேரனைவிட நீங்கள் நன்றாகவே தேறுவீர்கள். மகளுக்கு ஒரு நாள் பக்கத்தில் இடம் போட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: 'தி லாங் டார்க்' கேமில் வருகிற மாதிரி சூரியப்புயலால் கரண்ட் போவது வெறும் கதைதானே?
— ப்ளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

பதில்: நடந்திருக்கிறது. 1989 மார்ச் 13 அன்று அப்படி ஒரு புயலில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு நிமிடங்களில் சரிந்தது. ஏறத்தாழ 60 லட்சம் பேர், ஒன்பது மணி நேரம் இருட்டில். சூரியப்புயலால் பூமியின் காந்தப்புலம் ஆட்டம் காணும்போது தரையில் மின்னோட்டம் தூண்டப்படும். அது நெடுந்தொலைவு மின்கம்பிகளில் புகுந்து மின்மாற்றிகளைத் திணறடிக்கும். 1859-இல் அதைவிடப் பெரிய புயலில் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது.

கேமில் இதைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். துருவ ஒளி பச்சையாக வானத்தில் நெளிகிற இரவில் மட்டும் செத்துப்போன மின்சாரம் உயிர்பெறும். இருட்டு அறையில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மேலே பல்பு ஒன்று விட்டு விட்டு எரியும், மேஜையில் கம்ப்யூட்டர் திரை ஒளிரும். எழுந்து போய்ப் பாருங்கள். அதை விட்டுப்போனவர் எழுதிவைத்தது அப்படியே இருக்கும், வெளிச்சம் போவதற்குள் படித்துவிட வேண்டும். கதவை மட்டும் திறக்காதீர்கள், அந்த இரவில் ஓநாய்களுக்கும் வெறி ஏறியிருக்கும்.